தையல் கொட்டகைக்கு ஏசி போடப் போகிறீர்களா?

பேர்ணாம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 10-க்கு 12 அடியில் ஒரு சிமெண்ட் ஷீட் கொட்டகை. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் 14 வருடம் தைத்துவிட்டு, இப்போது அதில் 2 மெஷின் போட்டு அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக் கொடுக்கிறேன். துணைக்கு நாத்தனார். கத்திரி வெயிலில் வியர்வைக் கை பட்டு வெளிர் நிறத் தோலில் கறை விழுந்து, 11 ஜோடி திரும்பி வந்தது. அதற்கப்புறம்தான் ஸ்ப்ளிட் ஏசி.

வாங்கியதும் நான் செய்த தப்பு, கூரையை அப்படியே விட்டது. 1 டன் மெஷின், மதியம் 3 மணிக்கு 18-ல் வைத்தும் திணறியது. 18 என்று அழுத்தினால் அதன் சக்தி கூடிவிடுமா என்ன? 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும், அவ்வளவுதான். ஷீட்டுக்கு மேலே வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கை அடித்து, உள்ளே ஜிப்சம் சீலிங் போட்ட பிறகு அதே மெஷின் போதுமானதாகிவிட்டது. தெர்மாகோல் மலிவுதான், ஆனால் சொல்யூஷன் (தோல் ஒட்டும் பசை) டின் இருக்கிற இடத்தில் தீப்பிடிக்கும் பயம், அது வேண்டவே வேண்டாம்.

தையல் மெஷின் மோட்டாரையும் பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார், பெடலில் கால் வைக்காதபோதும் ஓடிக்கொண்டே சூட்டைக் கக்கும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டும்தான் ஓடும். இரண்டையும் மாற்றினேன். சத்தமும் போயிற்று, நாத்தனார் முணுமுணுப்பதுகூட இப்போது காதில் விழுகிறது.

முக்கியமான விஷயம் சொல்யூஷன். ஏசி வந்ததும் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, உள்ளேயே பேஸ்டிங்கும் (சொல்யூஷன் தடவி ஒட்டுவது) செய்தோம். மூன்றாம் நாள், "அண்ணி, தலை கிர்ருனு சுத்துது" என்றாள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடும். ஃபில்டர் தூசியைப் பிடிக்குமே தவிர, சொல்யூஷனிலிருந்து கிளம்பும் டொலுவீன், ஹெக்சேன் ஆவியைப் பிடிக்காது. ஹெக்சேனை மாதக்கணக்கில் சுவாசித்தால் கை கால் நரம்பு கெட்டு விரல் மரத்துப் போகும். தையல்காரிக்கு அப்புறம் என்ன மிச்சம்? அதனால் பேஸ்டிங்கை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். இடமில்லை என்றால் பேஸ்டிங் மேஜை உயரத்திலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். இந்த ஆவி காற்றைவிடக் கனம், தாழத்தான் தங்கும். கூரையோரம் வைத்த ஃபேனால் பெரிதாகப் பயனில்லை. காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் கதவையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். குளிர் வீணாகும்தான், ஆகட்டும். தடவிய துண்டு வெளியிலேயே காய்ந்த பிறகுதான் மெஷினுக்கு வர வேண்டும்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எங்களுக்கு மாட்டியவர் டிரெயின் குழாயை நடுவில் மேலே தூக்கிக் கட்டிவிட்டுப் போனார். தண்ணீர் திரும்பி, மேஜையில் இருந்த ஸ்வேட் தோல் மேல் சொட்டியது. குழாய் வெளியே போகும் வரை சரிவாக இறங்க வேண்டும். உட்கார்ந்து தைக்கும் இடத்துக்கு நேர்மேலே உள் யூனிட்டை வைக்காதீர்கள். காப்பர் குழாய் இணைத்ததும் வாக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். நேரமில்லை என்று தட்டிக் கழிப்பார்கள், விடாதீர்கள். மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். வெளி யூனிட் மேற்கு வெயில் படாத சுவரில்.

சூடாக்கும் வசதியும் சேர்ந்த ஹாட் அண்ட் கோல்ட் மாடலும் கடையில் காட்டினார்கள். மார்கழிக் காலை குளிருக்கு நமக்கு ஒரு டீ போதும்.

இப்போது 26-ல் வைத்து ஃபேனையும் ஓடவிடுகிறோம். தோல் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங் மெஷினை வாசலோரம் தள்ளிவிட்டோம். அப்படியும் சனிக்கிழமை ஃபில்டரைக் கழற்றினால் தோல் தூள் பஞ்சு மாதிரி அப்பியிருக்கிறது. வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காயவிட்டு மாட்டுகிறேன்.