முன்பக்க காயில் ஸ்பிரிங்: மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறையாக சஸ்பென்ஷனைப் பிரித்து மாட்டுகிறவர்களுக்கு ஸ்பிரிங்கைக் கண்டால் பயம். இருக்க வேண்டிய பயம்தான். ஆனால் ஸ்பிரிங் உள்ளே போய் உட்கார்ந்ததும் "அப்பாடா" என்று மிச்ச வேலையை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் அந்த "அப்பாடா"வுக்குப் பிறகுதான் நடக்கின்றன. ஸ்டாண்ட் போடுவது, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரசரைச் சரியாக மாட்டுவது எல்லாம் எவரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) சேசிஸுக்கும் நடுவே ஸ்பிரிங் உட்காரும் வண்டிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கம்பி முனையைப் பார்க்காமல் விடுவது

லோயர் ஆர்மில் ஸ்பிரிங் உட்காரும் பள்ளம் சுற்றிவந்து ஒரு படியில் முடியும். கம்பியின் முனை அந்தப் படியை ஒட்டி நிற்க வேண்டும். பல வண்டிகளில் பள்ளத்திலேயே சிறு ஓட்டைகள் இருக்கும். முனை எந்த ஓட்டையை மூட வேண்டும், எதைத் திறந்து விட வேண்டும் என்று சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும். எந்த முனை மேலே, எது கீழே என்பதும் அதிலேயே இருக்கும்.

முனை படிமேல் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஆர்மின் நடுவில் ஸ்பிரிங் இருக்கிறது என்றால், அங்கே 10 மில்லிமீட்டர் வித்தியாசம் சக்கரத்தில் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் அளவு) மாறும், ரோட்டுப் பள்ளத்தில் இறங்கினால் 'டங்' என்று சத்தம் வரும். அழுத்தும்போது ஸ்பிரிங் கொஞ்சம் சுழலும். அதனால் கம்ப்ரசரைக் கழற்றிய பிறகு இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

உயரமாக நிற்கிறதே என்று ஸ்பிரிங்கை வெட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஓர் இளைஞர் ஸ்பிரிங், புஷ் (ஆர்ம் சேசிஸில் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை), பால் ஜாயிண்ட் எல்லாம் புதிதாகப் போட்டு, பொறுமையாகத்தான் வேலை செய்திருந்தார். கீழே இறக்கியதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்பிரிங் தப்பு என்று முடிவுகட்டி, இரண்டையும் வெளியே எடுத்து கிரைண்டரால் அரைச் சுற்று வெட்டிவிட்டார். அதன் பிறகுதான் என்னிடம் கேட்டார்.

ஸ்பிரிங்கில் குறையே இல்லை. வண்டி ஸ்டாண்டில் நிற்க, ஆர்ம் கீழே தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே புஷ் போல்ட்டுகளை முழுசாக முறுக்கியிருந்தார். ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. நடுவில் இருக்கும் இரும்புக் குழலை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகி, ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அதுவும் சேர்ந்து வண்டியைத் தூக்கும். நாளடைவில் ரப்பர் கிழியும், உயரம் தானாக இறங்கும்.

அவருடைய வண்டியில் போல்ட்டுகளைத் தளர்த்திச் சரியாக இறுக்கியதும், வெட்டிய ஸ்பிரிங்கில் முன்பக்கம் இருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்துபோனது. மறுபடி புது ஸ்பிரிங் ஜோடி, மறுபடி வீல் அலைன்மென்ட். வெட்டினால் உயரம் மட்டும் போவதில்லை. 8 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை எடுத்தால் அது சுமார் 14 சதவீதம் கடினமாகிவிடும். வெட்டிய முனை பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது. கேஸ் வைத்து வெட்டினால் அந்த இடத்தில் எஃகின் பதமே போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். பிரிப்பதற்கு முன்பே, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். புஷ் போல்ட்டுகளை ஆட்டமில்லாத அளவுக்கு மட்டும் இறுக்கி வையுங்கள். சக்கரம் மாட்டி இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டுங்கள். உருட்டாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சக்கரங்களை விரிய விடாது. வண்டி பொய்யான உயரத்தில் நிற்கும். அப்புறம்தான் டார்க் ரெஞ்ச்சால் (சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கும் ஸ்பானர்) புஷ் போல்ட்டுகளை முழுசாக இறுக்க வேண்டும். அடியில் கை எட்டவில்லையா, நாலு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி ராம்ப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சுழலும் வகை பாலியூரிதேன் புஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் கம்பெனி வண்டியில் வருவது பெரும்பாலும் ரப்பர்தான்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

வேண்டாம். ஜோடியாக மாற்றுங்கள்.

பெட்டியை மட்டும் பார்த்து வாங்குவது

ஒரே மாடலில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் ஸ்பிரிங் வேறாக இருக்கலாம். சில வண்டிகளில் இடமும் வலமும்கூட வேறு. பார்ட் நம்பரையும் கம்பிமேல் உள்ள பெயிண்ட் கோடுகளையும் பாருங்கள்.

நசுங்கிய ரப்பர் சீட்டைத் திரும்பப் போடுவது

ஸ்பிரிங்குக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் வரும் ரப்பர் இது. புதுசு போடுங்கள்.

பெயிண்டைக் கீறுவது

கம்ப்ரசர் கொக்கி பட்டு மேல்பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடிக்கும், அங்கிருந்து விரிசல் ஓடும். கொக்கிக்கும் கம்பிக்கும் நடுவே தடித்த ரப்பர் உறை கொடுங்கள். எண்ணெய்த் துணியை வைத்துவிடாதீர்கள், கொக்கி வழுக்கும்.

அன்றைக்கே அலைன்மென்ட்டுக்குப் போவது

சில நாள் ஓட்டி, உயரம் இனி இறங்கவில்லை என்று அளந்து பார்த்த பிறகு போங்கள். இரண்டு பக்கமும் அப்போதும் ஒத்துவரவில்லை என்றால், அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் கம்பி முனையையும் ரப்பர் சீட்டையும் பாருங்கள்.