சாவிய எடுத்தும் நிக்காத என் பழைய பென்ஸ்

என்கிட்ட இருக்கறது 1982 மாடல் பென்ஸ் டபிள்யூ123, 240டி டீசல். போன மாசம் சாவிய ஆஃப் பண்ணி கையில எடுத்தப்புறமும் இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு, பானட்ட தூக்கி ஸ்டாப்னு எழுதின லீவர அழுத்தினாதான் நின்னுச்சு. இந்த டீசல் இன்ஜின நிறுத்தறதே வேக்குவம்தான், அதாவது ட்யூப்ல காத்த உறிஞ்சறதால வர்ற இழுப்பு. அதே வேக்குவம்லதான் கதவு லாக்கும் வேலை செய்யுது, அங்க லீக் ஆனா இன்ஜின நிறுத்த இழுப்பு பத்தாது. லாக்குக்கு போற ட்யூப கழட்டி அடைச்சு பார்த்தேன், உடனே நின்னுடுச்சு! பின்கதவு பேனல பிரிச்சா உள்ள லாக்க இழுக்கற டப்பாவோட ரப்பர் டயஃப்ரம் (மெல்லிசான சவ்வு) கிழிஞ்சு கிடக்கு, 40 வருஷ ரப்பர், பாவம். புதுசு மாட்டினேன், ஸ்க்ரூடிரைவர் ஸ்பேனர் தவிர எதுவும் தேவைப்படல, ஸ்கேனர்லாம் கிடையாது, ஒவ்வொரு பாகமும் கண்ணுக்கு தெரியுது கைக்கு எட்டுது, இதுக்காகவே இந்த வண்டிய நான் விக்க மாட்டேன். இப்ப சாவிய திருப்பினா டக்குனு அடங்கிடுது.