போர்ப் படத்துக்குத் திரைக்கதை: முதலில் ஒரு வீட்டைப் பிடியுங்கள்

டெல்லியில் குறும்படம் எடுக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலேயரை எதிர்த்து நேதாஜி நடத்திய இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி எழுத ஆசைப்பட்டு கரோல் பாகில் என் வீட்டுக்கு வருவதுண்டு. பெரும்பாலும் நேதாஜியின் மேடைப் பேச்சில்தான் தொடங்கியிருப்பார்கள். அதை ஓரமாக வையுங்கள் என்பேன்.

வருஷம் 1943, மலாயா. ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு குடும்பம். நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் அப்பாவை சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட இழுத்துப் போய்விட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. போன தோட்டத் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவேயில்லை. வீட்டில் சோறு கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். கையில் இருப்பது ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு. மகள் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேரப் போகிறாள். இவ்வளவும் பார்ப்பவர் மனதில் பதிந்த பிறகு தலைவர் வரட்டும்.

அவரையும் கூட்டத்தில் நிற்பவர்களின் இடத்திலிருந்தே காட்டுங்கள். நேதாஜி இந்துஸ்தானியில் பேசுவார், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்வார். அந்த இடைவெளியில் கேமரா முகங்களுக்குப் போகட்டும். பெண்கள் நிதிக்கு நகை கழற்றிக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதாது. வருஷக்கணக்காகக் கழற்றாத தோட்டின் திருகாணி லேசில் வராது. மாமியார் பின்னால் நின்று திருகட்டும். "மெதுவா அத்தை, வலிக்குது" என்பதைத் தவிர அங்கே வசனமே வேண்டாம்.

1944 இம்பால் சண்டைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். இந்திய தேசிய ராணுவத்தை உருக்குலைத்ததில் மழைக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பெரிய பங்குண்டு. நனைந்த போர்வையும் நடுங்கும் ஆளும் கிடைத்தால் அந்தக் காட்சி நிற்கும்.

ஆதாரம் தேட நாம் அலைய வேண்டியதில்லை. ஜன்பத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் இருக்கின்றன. அடையாள அட்டையோடு போய் வாசகராகப் பதிந்துகொள்ளுங்கள். காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் முதலில் தேடி, கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம். செங்கோட்டைக்கும் போய் வாருங்கள். அந்த ராணுவத்தின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், செகல், தில்லன் மூவர் மீது ஆங்கிலேயர் போட்ட வழக்கு 1945 நவம்பரில் அங்கேதான் தொடங்கியது. அவர்களுக்காக வாதாடியவர் புலாபாய் தேசாய். அந்த வாதத்தை முழுசாகக் காட்டாமல், லயத்தில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பதாக எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் சிவப்புப் பென்சிலை எடுங்கள். தலைவர் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில், அதனால் அந்த வீட்டில் என்ன மாறியது என்று எழுதுங்கள். எழுத ஒன்றும் வராத காட்சியை வெட்டிவிடுங்கள்.