வீட்டுப் பட்டறைக்குப் பெஞ்ச் கிரைண்டரும் பெல்ட் சாண்டரும்: காசு எங்கே போக வேண்டும்

கடையில் வெறுமனே "கிரைண்டர்" என்று கேட்டால் மாவாட்டும் கிரைண்டரைக் காட்டிவிடுவார்கள். மேசையில் பொருத்தும் சாணை மெஷின் வேண்டுமென்றால் "ஆறு இன்ச் பெஞ்ச் கிரைண்டர்" என்று கேளுங்கள். உளி, இழைப்புளித் தகடு, டிரில் பிட், அரிவாள், மண்வெட்டி என்று வீட்டில் சாணை பிடிக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் 150 மி.மீ. கல் போதும். எட்டு இன்ச்சில் மெஷினும் விலை கூட, பின்னால் ஒவ்வொரு கல் மாற்றும்போதும் செலவு கூட.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட்ஸ் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 1 ஹெச்.பி. என்பது 746 வாட்ஸ், அரை ஹெச்.பி. என்றால் சுமார் 370. 150 வாட்ஸ் மெஷினில் கத்தி தீட்டலாம், மண்வெட்டியை வைத்து அழுத்தினால் கல் திணறி நின்றுவிடும். 250 முதல் 370 வரை இருந்தால் வீட்டு வேலைக்குச் சரி. பெயர்த்தகட்டில் "எஸ்2 30 நிமிடம்" என்ற குறியீடு இருந்தால், அரை மணி நேரம் ஓட்டியபின் மோட்டாரை நன்றாக ஆறவிட வேண்டும் என்று பொருள். அது குறையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க விடாமல் ஓட்டினால் வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) கருகும்.

வாட்ஸைவிட எடை உண்மை பேசும். ஒரே அளவு, ஒரே வாட்ஸ் என்று சொல்லப்படும் இரண்டு மெஷின்களில் ஒன்று ஐந்து கிலோவும் மற்றது ஒன்பது கிலோவும் இருந்தால், கனமானதில்தான் இரும்பும் செம்பும் கூட இருக்கும். அதிர்வும் குறைவாக இருக்கும்.

வாங்குமுன் கடையிலேயே சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கல்லைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்; துளி ஆட்டம் தெரிந்தாலும் பேரிங் சரியில்லை. பிறகு டூல் ரெஸ்ட்டை (தீட்டும் பொருளைத் தாங்கும், கல்லுக்கு முன்னால் உள்ள தகடு) கல்லுக்கு மிக அருகில் தள்ளிவைத்து, கையால் கல்லைச் சுற்றுங்கள். இடைவெளி ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சுருங்கினால் கல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. மலிவு மெஷின்களில் இது சகஜம். காரணம், கல்லை இருபுறமும் பிடிக்கும் ஃபிளான்ஜ் மெல்லிய தகட்டில் அடித்ததாக இருக்கும், நடு ஓட்டையில் பிளாஸ்டிக் புஷ் இருக்கும். நட்டைத் தளர்த்தி, கல்லைக் கால் சுற்று திருப்பி மறுபடி முடுக்கினால் பாதி குறையும். மீதி, கல்லின் முகத்தைச் சீவிச் சமன் செய்யும் டிரெஸ்ஸரில் போகும். அப்படியும் ஆடினால் லேத் பட்டறையில் ஒரு ஜோடி ஃபிளான்ஜ் கடைந்து வாங்குங்கள்.

டூல் ரெஸ்ட்டையும் அழுத்திப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தும்போது வளையும் தகடு என்றால் உளியின் கோணம் ஒருநாளும் நேராக வராது. மலிவு மெஷினில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். 6 மி.மீ. இரும்புப் பட்டையில் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, நடு ஓட்டை. 12.7, 20, 31.75 மி.மீ. என்று பல அளவு உண்டு. மாற்றுக் கல் உங்கள் ஊர்க் கடையில் அந்த அளவில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டே மெஷினை வாங்குங்கள்.

கூடவே வரும் சாம்பல் கல் 36 நம்பரும் 60 நம்பரும் (நம்பர் கூடக் கூடக் கல் நைஸாக இருக்கும்) பெரும்பாலும் கெட்டியான ரகம். மண்வெட்டிக்குச் சரி. உளிக்கு அது கூடாது. சூட்டில் நுனி நீலமாகிவிடும், நீலமான இடத்தில் கடினம் போயிற்று. அந்தப் பகுதியைத் தேய்த்தெறிவதைத் தவிர வழியில்லை. மெஷினில் மிச்சப்படுத்திய காசில் 80 நம்பர் வெள்ளைக் கல் ஒன்றும், டைமண்ட் டிரெஸ்ஸர் ஒன்றும் வாங்குங்கள். கார்பன் ஸ்டீல் உளியைச் சில நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில் பிட்டைச் சுடச்சுட முக்காதீர்கள், நுண்ணிய வெடிப்பு விழும். கார்பைடு நுனிக்குப் பச்சைக் கல் தனி. அலுமினியம், பித்தளையை எந்தக் கல்லிலும் வைக்க வேண்டாம். கல்லின் துளைகளை அடைத்து, சூடேறிக் கல்லையே உடைக்கும்.

ஒரு பக்கம் கல், மறுபக்கம் பெல்ட் (சுற்றி ஓடும் உப்புத்தாள் பட்டை) என்று வரும் காம்போ மெஷின் மலிவாகத் தெரியும். இரும்பு மட்டும் தேய்ப்பவருக்கு நல்ல வாங்கல்தான். மரவேலை அதிகம் என்றால் வேண்டாம். பெல்ட்டில் விழுந்த மரத்தூள் மெஷினின் அடியில் குவியும். அடுத்து இரும்பை வைத்ததும் பறக்கும் தீப்பொறி அதில் விழுந்து, மணிக்கணக்கில் கனன்று பிறகு எரியும். மரத்துக்கு 100 x 914 மி.மீ. பெல்ட்டும் 150 மி.மீ. டிஸ்க்கும் (உப்புத்தாள் ஒட்டிய சுழலும் தட்டு) உள்ள தனி சாண்டரே மேல். காம்போவில் 50 x 686 அளவு பரவலானது. புழக்கத்தில் இல்லாத அளவில் பெல்ட் போட்ட மெஷின் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பெல்ட் தீர்ந்தால் மெஷினும் தீர்ந்தது.

டிஸ்க்கில் கீழ்நோக்கி ஓடும் பாதியில் மட்டும் மரத்தை வையுங்கள். மேல்நோக்கி ஓடும் பாதி துண்டைத் தூக்கி எறியும்.

மாட்டும்போது: புதுக் கல்லை விரலில் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும், டப்பென்றால் விரிசல். கல்லின் இருபுறமும் உள்ள காகித வாஷரை எடுக்காதீர்கள். இடப்பக்க நட்டு இடம்புரி மரை, எதிர்த்திசையில் முடுக்கினால்தான் இறுகும். கல் வழுக்காத அளவுக்கு மேல் முடுக்கினால் கல் பிளக்கும். டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம், மேலே உள்ள தடுப்புக்கு 6 மி.மீ. கல் தேயத் தேய இரண்டையும் நெருக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்த துண்டு உள்ளே இழுக்கப்பட்டுக் கல் சிதறும். முதல்முறை ஓட்டும்போது பக்கவாட்டில் விலகி நின்று ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கையுறை கூடவே கூடாது. லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கையை அருகில் கொண்டுவராதீர்கள். கல்லின் பக்கவாட்டில் தேய்ப்பதும் வேண்டாம்.

கரண்ட் போனதும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். சாதாரண ஸ்விட்ச் உள்ள மெஷின், கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே ஓடத் தொடங்கும். கிராமங்களில் மாலை வோல்டேஜ் குறைவில் ஸ்விட்ச் போட்டும் சுற்றாமல் உறுமினால் உடனே அணையுங்கள், கொஞ்ச நேரத்திலேயே வைண்டிங் போய்விடும்.