வாராந்திர தியானம் எழுதும் போதகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு பிரசங்கத்தை யார் கேட்கிறார்கள் என்று போதகருக்குத் தெரியும். வாரத் தியானத்தை, அதாவது வேதவசனத்தை ஒட்டி வாரந்தோறும் எழுதி அனுப்பும் சிறு கட்டுரையை, யார் படிப்பார்கள் என்பது எழுதுகிறவருக்கே தெரியாது. சபையில் ஒருவர் அதைத் தன் தங்கைக்கு அனுப்புவார், தங்கை தன்னோடு வேலை செய்கிறவருக்கு அனுப்புவார். மேடையில் ஒரு வாக்கியம் தடம் மாறினால் குரலாலும் முகத்தாலும் அடுத்த வாக்கியத்திலேயே சரிசெய்துவிடலாம். எழுத்தில் அந்த வாய்ப்பு இல்லை.

எழுத்துப்பிழையையும் வசன எண் மாறிப்போவதையும் இங்கே எடுக்கவில்லை. இன்னொரு கண் பார்த்தால் அவை தீர்ந்துவிடும். புதிதாக எழுதத் தொடங்கும் ஊழியர்களிடம் திரும்பத் திரும்பக் காண்கிற, அவ்வளவு எளிதில் தீராத தவறுகளைப் பற்றியே இந்தக் கட்டுரை.

பிரசங்கத்தைச் சுருக்கித் தியானமாக்குவது

பிரசங்கத்துக்கு மூன்று தலைப்புகள் இருக்கும். மூன்றையும் 600 சொற்களுக்குள் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் எலும்புதான் மிஞ்சும். தியானத்துக்கு ஒரு வேதபகுதி, ஒரு நிகழ்வு, ஓர் எண்ணம் போதும். வேதபகுதி பத்து வசனத்தைத் தாண்ட வேண்டாம். மீதி இரண்டு தலைப்புகளையும் குறித்து வைத்தால் அடுத்தடுத்த வாரங்களுக்கு உதவும். வாழ்த்துக்கு ஒரு வரி போதும்; இரண்டாவது வரியில் விஷயம் தொடங்கிவிட வேண்டும்.

வசனத்தை மட்டும் பிய்த்தெடுப்பது

எரேமியா 29:11 அதிகம் அடிபடும் வசனம். தேர்வு, வேலை, திருமணம் எதை எழுதினாலும், "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற அந்த வாக்குத்தத்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு முந்தின வசனத்தைப் படித்தால் 70 ஆண்டுகள் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்த நகரத்துக்காக ஜெபியுங்கள். அந்தக் கடிதத்தைப் பெற்ற பெரியவர்களில் பலர் திரும்பி வரும் நாளைத் தங்கள் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, எல்லாம் இரண்டே வருஷத்தில் சரியாகிவிடும் என்று சொல்கிறான். கர்த்தர் உன்னை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். 29:11-ஐச் சீக்கிரம் விடியும் என்ற பொருளில் எழுதினால், எரேமியாவின் பெயரைப் போட்டு அனனியாவின் செய்தியைக் கொடுத்ததாகிவிடும். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான். அதற்கு முந்தின இரண்டு வசனங்களில் பவுல் பேசுவது பட்டினியாக இருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைப் பற்றி. போட்டியில் ஜெயிப்பதைப் பற்றி அல்ல.

முந்தின அதிகாரம், அந்த அதிகாரம், அடுத்த அதிகாரம் மூன்றையும் படித்த பிறகு எழுத உட்காருங்கள். நீங்கள் சொல்ல வந்தது சுற்றியுள்ள ஐந்து வசனங்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு வசனத்தைத் தேடுங்கள். எழுதி வைத்ததைக் கைவிட மனசில்லாமல் வசனத்தை வளைக்காதீர்கள்.

வழிகாட்டியைச் சிலையாக்குவது

மூத்த போதகரைப் பற்றி எழுதும்போது "ஜெபவீரர், தாழ்மையானவர், அன்பின் வடிவம்" என்று மூன்று வார்த்தைகள் வந்துவிடும். அவை யாருக்கும் பொருந்தும். அதனால் அந்த மனிதர் வாசகர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்.

ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீனுக்கு 387-ல் மிலான் நகரில் ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆயர் அம்புரோஸ். தன் வாழ்வை எழுதிய நூலின் ஆறாம் பாகத்தில் அகுஸ்தீன் அவரைப் பற்றி ஒரு காட்சியைத் தருகிறார்: யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், அம்புரோஸ் வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருப்பார், வந்தவர்கள் அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுவார்கள். தன் குழப்பங்களை அவரிடம் கொட்ட நேரமே கிடைக்கவில்லை என்ற ஏக்கமும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. அந்த ஒரு காட்சியில் இரண்டு பேரும் உயிரோடு தெரிகிறார்கள்.

யாத்திராகமம் 18-ல் மோசேயின் மாமனார் எத்திரோ செய்ததைக் கவனியுங்கள். காலைமுதல் சாயங்காலம்வரை மோசே ஜனங்களை நியாயம் விசாரிப்பதைப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்டார். பிறகுதான் யோசனை சொன்னார். அந்த அதிகாரம் முடிவதற்குள் தன் தேசத்துக்குத் திரும்பிவிட்டார். வழிகாட்டியைப் பற்றி எழுதுகிறவர் இப்படிச் செயல்களைத் தேட வேண்டும்: என்ன பார்த்தார், என்ன கேட்டார், எப்போது பேசாமல் இருந்தார், எப்போது விலகிக்கொண்டார்.

இன்னும் சில. பல ஆண்டுகளுக்கு முன் அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள், அது உங்கள் நினைவில் உருமாறியிருக்கும். "இந்தப் பொருளில் சொன்னார்" என்று எழுதுங்கள். அவர் இருக்கிறார் என்றால் பிரதியை முதலில் அவருக்கு அனுப்புங்கள். காலமாகிவிட்டார் என்றால் குடும்பத்தாரிடம் காட்டுங்கள், ஆண்டும் ஊரும் அங்கேதான் சரியாகும். கருத்து வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. பவுலைச் சபைக்குள் கொண்டுவந்து சேர்த்தவர் பர்னபா. மாற்கை அழைத்துப் போவதா என்ற கடுங்கோபமான வாக்குவாதத்தில் இருவரும் பிரிந்ததை அப்போஸ்தலர் 15 ஒளிக்கவில்லை.

வழிகாட்டிகள் எல்லாரும் மேடையில் நின்றவர்களும் அல்ல. இளம் ஊழியர் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார்.

"பெயரை மாற்றிவிட்டேனே!"

மற்ற எல்லாத் தவறுகளையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவர் நம்பிச் சொன்னதை எழுத்தில் போடும் இதை மட்டும் பொறுக்க முடிவதில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர்களே இதை அதிகம் செய்கிறார்கள்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு தாய் செவ்வாய்க்கிழமை போதகரைத் தேடி வருகிறார். மகனைப் பற்றி அழுகிறார். போதகர் கேட்கிறார், ஜெபிக்கிறார். வியாழக்கிழமை எழுத உட்காரும்போது அந்தக் கண்ணீர்தான் மனதில் நிற்கிறது. "எனக்குத் தெரிந்த ஒரு தாய்" என்று கட்டுரை தொடங்குகிறது. பெயர் இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகள், மூத்தவன் வெளிநாட்டில், கணவர் ஒரு வருடமாக ஆலயத்துக்கு வருவதில்லை என்ற மூன்று விவரங்கள் இருக்கின்றன. 200 பேர் உள்ள சபையில் இந்த மூன்றும் பொருந்தும் குடும்பம் ஒன்றுதான் இருக்கும். ஆளைக் காட்டிக்கொடுப்பது விவரங்களின் சேர்க்கை. பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சபையில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தாய்க்குத் தெரியும். தன் அழுகை இன்னொருவருடைய கட்டுரைக்கு முதல் பத்தியாகிவிட்டது என்று தெரியும். அவர் சண்டைக்கு வர மாட்டார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கைகூப்பிவிட்டுப் போவார். அடுத்த முறை மனம் உடைந்தால் போதகரைத் தேடி வர மாட்டார், அவ்வளவுதான். அதைப் படித்த வேறு நாலு பேரும், நாம் சொன்னாலும் எழுத்தில் வந்துவிடும் என்று மனதுக்குள் முடிவு செய்திருப்பார்கள். இந்த இழப்பு போதகரின் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் வராமல் போனவர்கள் காரணம் சொல்லிவிட்டுப் போவதில்லை. எழுதியவர் தன் கட்டுரை பலருக்கு ஆறுதலாக இருந்தது என்றே நம்பிக்கொண்டிருப்பார். எரிச்சலைக் கிளப்புவது இதுதான்.

"நல்லவிதமாகத்தானே எழுதினேன்" என்பார்கள். நல்லவிதமாக எழுதப்பட வேண்டும் என்று அந்த அம்மா கேட்கவில்லை. "அது சாட்சிதானே" என்பார்கள். சாட்சியை அனுபவித்தவர்தான் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் நாளில். "பழைய சபையில் நடந்தது" என்பார்கள். எழுத்து பழைய சபைக்கும் போய்ச் சேரும். "ஜெபக்குறிப்பாக எல்லாருக்கும் சொன்னதுதானே" என்பார்கள். ஜெபத்துக்காகக் கொடுத்தது ஜெபத்துக்கு மட்டுமே.

திருச்சபை இதை எவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டது என்பதை இளம் ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களைக் குருவிடம் தனியாக அறிக்கை செய்யும்போது, கேட்டதை வெளியிடும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, வாழ்நாள் முழுதும் தவம் செய்யக் கடுமையான மடத்தில் அடைக்க வேண்டும் என்று 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. இன்று கத்தோலிக்கத் திருச்சபையில் நடைமுறையில் உள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 984ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: வெளியே தெரியும் ஆபத்து துளியும் இல்லாவிட்டாலும், அங்கே அறிந்ததை அறிக்கை செய்தவருக்குக் கேடாகப் பயன்படுத்துவது முழுவதும் தடை. உங்கள் சபையில் பாவசங்கீர்த்தன முறை இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் போதகரிடம் மனம் திறக்கிறவர் அதே நம்பிக்கையோடுதான் வருகிறார்.

தாவீது ராஜாவின் பாவத்தை உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி அவரிடம் கதை சொன்னாரே என்று சிலர் கேட்பார்கள். 2 சாமுவேல் 12-ஐத் திறந்து பாருங்கள். நாத்தான் அந்தக் கதையை தாவீதிடமே போய்ச் சொன்னார். தாவீதைப் பற்றி ஊராருக்குச் சொல்லவில்லை. அந்தக் கதையிலும் தாவீதின் வீட்டு விவரம் ஒன்றுகூட இல்லை, ஓர் ஆட்டுக்குட்டிதான் இருக்கிறது.

ஒருவருடைய அனுபவத்தை எழுதியே ஆக வேண்டும் என்றால் வழி இது. முதலில் காத்திருங்கள், பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போது எழுதவே வேண்டாம். பிறகு முழுப் பத்தியையும் எழுதி அவர் கையில் கொடுங்கள். "உங்களைப் பற்றி எழுதலாமா" என்று வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதம் ஆகாது. போதகர் கேட்டால் மறுக்கக் கூச்சப்படுவார்கள், ஆகவே அங்கேயே பதில் கேட்காதீர்கள். ஒரு வாரம் கொடுங்கள். "வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மௌனத்தை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிகழ்வில் கணவரோ மகனோ வருகிறார் என்றால் அவருடைய சம்மதமும் தனியாக வேண்டும்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். பத்து வயதில் சிரித்துக்கொண்டே சரி என்ற பிள்ளை பதினைந்து வயதில் அதைத் திரும்பப் படிக்கும்.

சம்மதம் கிடைக்காவிட்டால் வேதத்தின் மனிதர்கள் இருக்கிறார்கள், அச்சில் வந்த வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. கற்பனையாக ஒருவரை வைத்து எழுதலாம். "ஒரு தாயை நினைத்துக்கொள்வோம்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு பேருடைய கதையைக் கலந்து ஒருவருக்கு நடந்ததாக எழுதுவது பொய்.

ஏற்கெனவே எழுதி அனுப்பிவிட்டீர்களா? நீக்க முடிந்த இடத்திலெல்லாம் அன்றே நீக்குங்கள். அவர் வீட்டுக்குப் போய், "உங்களைக் கேட்காமல் எழுதினேன், அது தவறு" என்று விளக்கம் சேர்க்காமல் சொல்லுங்கள். அந்த மன்னிப்பை அடுத்த வாரத் தியானமாக்க வேண்டாம்.

ஒருவரைக் கண்டிக்க எழுதுவது

தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்கிறது மத்தேயு 18:15. நேரில் போங்கள்.

அன்றாட நிகழ்வை வளைப்பது

மின்சாரம் போனால் "உலகத்துக்கு ஒளி", பேருந்து தவறினால் "தேவனுடைய நேரம்". முடிவை முதலில் வைத்துக்கொண்டு நிகழ்வைத் தேடினால் எழுத்து இப்படித்தான் வரும். நடந்ததை மட்டும் முதலில் 120 சொற்களில் எழுதுங்கள். அர்த்தம் சொல்ல வேண்டாம். ஒரு நாள் கழித்துப் படியுங்கள். நிகழ்வுக்குள்ளேயே ஒரு கேள்வி இருந்தால் தொடருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஏதாவது பாடம் கிடைத்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை.

துயர வாரத்தில் விளக்கம் சொல்வது

சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள்.

கடைசி இரவில் எழுதுவது

அவசரத்தில்தான் மேலே சொன்ன எல்லாத் தவறுகளும் நுழைகின்றன. அடுத்தவர் கதையை எடுப்பதும் நேரம் இல்லாத இரவில்தான். வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டும் என்றால் திங்கட்கிழமை வேதபகுதியை முடிவு செய்யுங்கள், செவ்வாய்க்கிழமை ஒரே மூச்சில் எழுதுங்கள், புதன்கிழமை தொடாதீர்கள், வியாழக்கிழமை சத்தமாக வாசித்துத் திருத்துங்கள். வாசிக்கும்போது மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ஊழியம் செய்யாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று மட்டும் கேளுங்கள்.

பண்டிகையோடும் காலத்தோடும் ஒட்டாத இரண்டு தியானங்களை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள். மரணம், நோய், அவசரப் பயணம் வரும் வாரத்தில் அதில் ஒன்றை அனுப்பலாம். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்: குடும்ப மகிழ்ச்சியைப் பற்றி எழுதி வைத்தது அடக்க ஆராதனை நடந்த வாரத்தில் போய்விடக்கூடாது. அனுப்பிய மாதமே அந்த இடத்துக்குப் புதிதாக ஒன்றை எழுதி வையுங்கள்.