கூரை பிரிக்கும்போது போடும் ஃபொயில்: எங்கே கோட்டை விடுகிறோம்?

கொழும்பில் கடலோர வெள்ளவத்தையில் பெரியம்மாவின் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றினோம். எல்லாம் இறக்கிய பிறகுதான் கூரை வேலை செய்யும் பாஸ் கேட்டார்: "ஐயா, ஃபொயிலும் போடுவமா? சூடு குறையும்." சரி என்றேன். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிற மெல்லிய ஃபோம். பளபளப்பை மேலே பார்க்க வைத்து, சலாகைக்கு (ஓடு தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல் இறுக்கி விரித்து, ஓடுகளை அதன்மேலேயே அடுக்கினார்கள். ஏப்ரல் வந்தது, மேலறையில் அதே அனல்.

ஃபொயில் தடுப்பது கதிராகப் பாயும் சூட்டை. பளபளப்புக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இல்லாவிட்டால் அதனால் பயனில்லை. மேலே பார்த்தால் தூசி படிந்து மங்கியும் விடும். ஆகவே பளபளப்பு கீழே பார்க்கட்டும். கைமரத்தின் (முகட்டிலிருந்து சரிந்து வரும் மரம்) மேல் இலேசாகத் தொய்வு விட்டு விரித்து, கைமரத்தின் நீளவாக்கில் ஒரு கட்டை அடித்து, அதற்குக் குறுக்கேதான் சலாகை வர வேண்டும். கட்டைக்குக் கூடுதல் கூலி கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். தென்மேற்குப் பருவ மழை காற்றோடு சாய்ந்து அடித்தால் ஓட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். கட்டை இருந்தால் அது சலாகைக்கு அடியால் ஓடிக் கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியில் விழும். இல்லாவிட்டால் சலாகைதோறும் தேங்கி மரம் உக்கிப்போகும். தாளின் கீழ் நுனியைச் சுவரோடு நறுக்காமல் பீலிவரை விடுங்கள்; மேல் தாள் கீழ்த் தாளின்மேல் ஆறு அங்குலம் ஏறட்டும்.

கட்டையால் கூரை ஓரிரு அங்குலம் உயரும். பீலியும் வெலன்ஸ் பலகையும் (கூரை ஓரத்தை மறைக்கும் பலகை) பக்கத்து வீட்டுச் சுவரோடு சேரும் இடமும் அதற்கேற்ப மாற வேண்டும். இதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருக்கும் மச்சான் வீடியோ அனுப்புவார்: கூரைக்கு உள்பக்கம் பொலித்தீன் அடி என்று. அங்கே குளிர்காலத்தில் ஈரக் காற்று வீட்டுக்குள். அது அவர்களுக்குச் சரி. இங்கே ஈரம் வெளியில். ஏசி அறையின் சீலிங்குக்கு மேல் பொலித்தீன் விரித்தால், வெளிக்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த தாளில் வியர்த்து, அங்கே வெப்பத்தடுப்புக்குப் போட்ட கிளாஸ்வூலை (கண்ணாடி நார்ப் பஞ்சு) ஊறவைத்துவிடும்.

பழைய வயர்கள் கைமரத்தோடு ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஃபொயில் மின்சாரம் கடத்தும். ஆஸ்திரேலியாவில் 2009-10 அரசத் திட்டமொன்றில் வெப்பத்தடுப்பு போடப் போன நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி. மெயின் சுவிட்சை அணைக்காமல் ஓர் ஆணிகூட அடிக்க விடாதீர்கள்.

பழைய கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் உடைக்கவோ அறுக்கவோ கூடாது. நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும்.

காற்றோட்டத்துக்கு இறவாரத்தில் திறப்பு விட்டால் துருப்பிடிக்காத தடித்த வலை அடியுங்கள். கடற்கரைப் பக்கம் சாதாரண வலை உப்புக் காற்றில் சீக்கிரம் போய்விடும். பெரியம்மா வீட்டு வலை அப்படித்தான் போனது. இப்போது அந்த ஃபொயிலைக் கிழித்து மரநாய் ஒன்று மெத்தை போட்டிருக்கிறது.