செயின்சாவுக்கு எந்த ஆயில், எந்தப் பெட்ரோல்? டூ-ஸ்ட்ரோக் கலவையைச் சரியாகத் தயாரிக்கும் முறை

செயின்சாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு மூடிகள் தெரியும். ஒன்றில் பெட்ரோல் பம்ப் படம் இருக்கும், இன்னொன்றில் எண்ணெய்த் துளியும் சங்கிலியும். முதல் மூடிக்குள் போவது வெறும் பெட்ரோல் அல்ல, ஆயில் கலந்த பெட்ரோல். இரண்டாவது மூடிக்குள் போவது சங்கிலிக்கும் அது ஓடும் பட்டைக்கும் வேண்டிய தனி எண்ணெய். இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் மூடியைப் பற்றியது. சின்ன இன்ஜின்கள் பழுதுக்கு வருவதற்கு முக்கியமான காரணம் அந்த டேங்க்கில் போகும் தவறான கலவை, இல்லாவிட்டால் பழைய கலவை. இரண்டையுமே எளிதாகத் தவிர்க்கலாம்.

முதலில் ஏன் கலக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வோம். கார் இன்ஜினில் அடியில் ஆயில் தேங்கி நிற்க ஒரு தொட்டி உண்டு. செயின்சாவில் இருக்கும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் (பிஸ்டன் மேலே போய்க் கீழே வரும் ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் எரியும் வகை) அது கிடையாது. பெட்ரோலும் காற்றும் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) சுழலும் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குள் போகின்றன. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் இரு முனைகள், பிஸ்டன், ரிங், சிலிண்டர் சுவர் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தக் கலவையில் வரும் ஆயில் மட்டும்தான் ஆதாரம். செயின்சா முழு வேகத்தில் நிமிடத்துக்கு 13,000 சுற்று வரை ஓடும். அதாவது நொடிக்கு 200 தடவைக்கு மேல் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. ஆயில் இல்லாத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால், கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் சிலிண்டரில் உராய்ந்து கோடு விழுந்து, கடைசியில் இன்ஜின் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி அசையாமல் நின்றுவிடும்.

படி 1: உங்கள் இயந்திரம் டூ-ஸ்ட்ரோக்தானா?

பெட்ரோலில் ஓடும் செயின்சா அநேகமாக எல்லாமே டூ-ஸ்ட்ரோக். பிரஷ் கட்டர், இலை ஊதும் ப்ளோயர், வேலி கத்தரிக்கும் டிரிம்மர் இவற்றில்தான் குழப்பம் வரும். ஆயில் ஊற்றத் தனி மூடியும் அளவுக் குச்சியும் இருந்தால் அது ஃபோர்-ஸ்ட்ரோக். ஹோண்டாவின் ஜி.எக்ஸ்.25, ஜி.எக்ஸ்.35 இன்ஜின் பொருத்திய பிரஷ் கட்டர்கள் இந்த வகை. அவற்றுக்கு வெறும் பெட்ரோல்தான், ஆயில் தனியே. பெட்ரோல் மூடி மேல் பம்ப் படத்தோடு எண்ணெய்த் துளியோ 50:1 போன்ற எண்ணோ இருந்தால் அது கலவை கேட்கும் இயந்திரம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்டில் நிறுவனத்தின் ஃபோர்-மிக்ஸ் இன்ஜின் ஃபோர்-ஸ்ட்ரோக் முறையில் இயங்கினாலும் ஆயில் கலந்த பெட்ரோலையே கேட்கும். அதனால் பெயரை வைத்து முடிவு செய்யாமல் மூடியையும் கையேட்டையும் பாருங்கள்.

படி 2: விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

50:1 என்றால் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். கணக்கு எளிது. ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை மில்லி ஆயில் என்பது கிடைத்துவிடும்.

50:1 – லிட்டருக்கு 20 மில்லி
40:1 – லிட்டருக்கு 25 மில்லி
33:1 – லிட்டருக்கு 30 மில்லி
25:1 – லிட்டருக்கு 40 மில்லி

அமெரிக்க கேலன் கணக்கில் கலப்பவர்களுக்கு 50:1 என்பது ஒரு கேலனுக்கு சுமார் 2.6 அவுன்ஸ். அங்கே விற்கும் சின்னக் குப்பிகள் பலவும் அதே அளவில்தான் வருகின்றன.

இப்போது வரும் செயின்சாக்களில் பெரும்பாலானவை 50:1 கேட்பவை. ஆனால் கையேட்டில் அந்த வரியோடு நிறுத்திவிடாதீர்கள். ஹஸ்க்வர்னாவின் பல கையேடுகளில் அவர்கள் ஆயில் என்றால் 50:1, காற்றால் குளிரும் இன்ஜினுக்கான வேறு ஆயில் என்றால் 33:1 என்று இருக்கும். ஸ்டில் கையேடுகள் சிலவற்றில் வேறு பிராண்ட் ஆயிலுக்கு 25:1 கூடச் சொல்லியிருக்கிறார்கள். விகிதம் இயந்திரத்தை மட்டும் பொறுத்தது இல்லை, ஆயிலின் தரத்தையும் பொறுத்தது. ஆயில் குப்பியில் ஒரு விகிதமும் கையேட்டில் வேறொரு விகிதமும் இருந்தால், கையேட்டுப் பக்கம் நில்லுங்கள்.

"கொஞ்சம் கூடவே ஊற்றினால் நல்லதுதானே?" என்று பலர் கேட்பார்கள். இன்ஜின் உடனே கெடாது, உண்மைதான். ஆனால் எரியாத ஆயில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் சைலன்ஸரில் இருக்கும் தீப்பொறித் தடுப்பு வலையிலும் கரியாகப் படியும். வலை அடைத்துக்கொண்டால் இன்ஜின் மூச்சுத் திணறி வேகம் எடுக்காது. இருந்தாலும் குறைத்து ஊற்றுவதைவிட இது பரவாயில்லை. கரியைச் சுரண்டி எடுத்துவிடலாம், கோடு விழுந்த சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும்.

படி 3: ஆயிலைத் தேர்ந்தெடுங்கள்

குப்பியின் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வாசகங்களை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத் தேடுங்கள். பார்க்க வேண்டியது ஜாஸோ என்ற ஜப்பானியத் தர முத்திரை. அதில் எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்று படிகள் உண்டு. உராய்வைக் குறைப்பது, கரி படியாமல் கழுவிக்கொண்டு போவது, புகை, சைலன்ஸர் அடைப்பு ஆகியவற்றை வைத்துச் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். எஃப்.பி. அடிப்படை. எஃப்.சி. புகை குறைந்தது. எஃப்.டி. அதோடு உள்ளே சுத்தமாக வைத்திருப்பதிலும் மேலானது. ஐ.எஸ்.ஓ. முத்திரையில் ஈ.ஜி.பி., ஈ.ஜி.சி., ஈ.ஜி.டி. என்று வருபவை கிட்டத்தட்ட இதே வரிசைதான்.

என் பரிந்துரை: எஃப்.டி. அல்லது ஈ.ஜி.டி. முத்திரையுள்ள ஆயிலை வாங்குங்கள். லிட்டருக்கு 20 மில்லிதான் செலவாகிறது, அந்த 20 மில்லியில் மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சிந்தெடிக்கா, செமி சிந்தெடிக்கா, மினரலா என்ற கேள்வி அதற்கு அடுத்ததுதான். தர முத்திரை இல்லாத சிந்தெடிக்கைவிட முத்திரையுள்ள மினரல் ஆயில் மேல்.

வாங்கவே கூடாத இரண்டு உண்டு.

ஒன்று, டி.சி.-டபிள்யூ.3 என்று மட்டும் போட்ட ஆயில். இது படகு இன்ஜின்களுக்கானது. அவை தண்ணீரால் குளிர்பவை. செயின்சாவோ காற்றால் மட்டும் குளிர்வது, அதன் சிலிண்டர் அதைவிட மிகவும் சூடாகும். அந்தச் சூட்டுக்கு ஏற்ற சேர்மானம் படகு ஆயிலில் இல்லை.

இன்னொன்று, கார், பைக் இன்ஜின்களுக்கான ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயில். அது எரிவதற்காகத் தயாரித்தது அல்ல. எரிந்தால் அதிலுள்ள உலோகச் சேர்மங்கள் சாம்பலாக மாறி பிளக் முனையிலும் பிஸ்டன் தலையிலும் உட்கார்ந்துகொள்ளும்.

ஆயில் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும். அது வெறும் சாயம், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு பயன் உண்டு: பெட்ரோலில் கலந்ததும் நிறம் தெரியும். அதை வைத்து எது கலந்தது, எது கலக்காதது என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

படி 4: பெட்ரோல்

ஆக்டேன் எண்ணில் (பெட்ரோல் நேரத்துக்கு முன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனைச் சொல்லும் எண்) ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கையேட்டில் குறைந்தபட்ச எண் ஒன்று இருக்கும், அதற்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு. வட அமெரிக்க பம்புகளில் 87 என்று எழுதியிருப்பதும் மற்ற பல நாடுகளில் 91 என்று எழுதியிருப்பதும் ஏறத்தாழ ஒரே பெட்ரோல்தான். கையேடு எந்த முறையில் சொல்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

உண்மையான பிரச்சினை எத்தனால் என்ற ஆல்கஹால். இன்று பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் நாட்டுக்கு நாடு 5, 10, 20 சதவீதம் என்று எத்தனால் கலந்திருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் கருவிகளின் கையேடுகளில் பெரும்பாலானவை 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. காரணம் இரண்டு. எத்தனால் கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு, ரப்பர் ட்யூப் போன்றவற்றை இறுக வைத்தோ உப்ப வைத்தோ கெடுக்கும். அதைவிட மோசம், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்.

10 சதவீத எத்தனால் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோல், மிதமான வெப்பநிலையில் சுமார் 5 மில்லி தண்ணீரைத் தாங்கும். ஒரு தேக்கரண்டி அளவுதான். அதைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஆயில் பெரும்பாலும் மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்க்கின் ஃபில்டர் எங்கே கிடக்கிறது? அடியில். அதாவது நீங்கள் சரியாக அளந்து கலந்திருந்தாலும், இன்ஜின் குடிப்பது ஆயில் இல்லாத தண்ணீர்க் கலவையை. சந்தேகம் வந்தால் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது தெரிந்தால் அந்தக் கலவை வேண்டவே வேண்டாம்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எத்தனால் குறைவான வகையைத் தேடுங்கள்.

மூன்றாவது வழியும் இருக்கிறது: கலந்தே டின்னில் வரும் ஆல்கைலேட் எரிபொருள். ஆஸ்பென் 2, ஸ்டில் மோட்டோமிக்ஸ் போன்றவை. எத்தனால் கிடையாது, பென்ஸீன் போன்ற நச்சுப் பொருள்கள் மிகமிகக் குறைவு, பிரிக்காத டின் ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை அதிகம்தான். நாள் முழுக்க மரம் அறுப்பவர்களுக்குக் கட்டுப்படி ஆகாமல் போகலாம். ஆனால் எப்போதாவது ஒருமுறை கருவியை எடுப்பவர்களுக்கு, கார்புரேட்டர் சுத்தம் செய்யும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் லாபம் என்பது என் எண்ணம். புகை நேராக முகத்தில் அடிக்கும் வேலை இது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

படி 5: கலப்பது

திறந்தவெளியில், நெருப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பெட்ரோலுக்கென்றே விற்கும் கேன் வேண்டும். தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் வேண்டவே வேண்டாம், யாராவது எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்டு.

கேனில் பெட்ரோலில் பாதியை ஊற்றுங்கள். ஆயில் முழுவதையும் அளந்து சேருங்கள். மூடி நன்றாகக் குலுக்குங்கள். அப்புறம் மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். காலியான டேங்க்குக்குள் ஆயிலை முதலில் ஊற்றி, மேலே பெட்ரோலை ஊற்றிக் கலந்துவிட்டதாக நினைப்பது தவறு.

ஆயிலை அளக்க ஊசியில்லாத சிரிஞ்ச் நல்ல கருவி. பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். ஒரு லிட்டருக்கு 20 மில்லி போட வேண்டிய இடத்தில் 5 மில்லி குறைந்தால் 50:1 என்பது சுமார் 67:1 ஆகிவிடும். கலக்கும் அளவு சின்னதாக இருக்கும்போதுதான் அளவு பிசகுவது பெரிதாகத் தெரியும்.

கலந்த தேதியையும் விகிதத்தையும் ஒரு டேப்பில் எழுதி கேனில் ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்க்க முடிகிற அளவு மட்டும் கலக்குங்கள். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பாகம்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆக உதவுகிறது. பழைய கலவையில் முதலில் போய்விடுவதும் அதுதான். கயிற்றை எத்தனை தடவை இழுத்தும் ஸ்டார்ட் ஆகாத கருவிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்க்கில் உள்ளதைத்தான்.

படி 6: நிரப்புவது

இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறவிடுங்கள். மூடியைச் சுற்றியிருக்கும் மரத்தூளைத் துடைத்துவிட்டுத் திறங்கள். ஒரு சிட்டிகைத் தூள் உள்ளே போனாலும் ஃபில்டரில் போய் அடைக்கும். கேனை மறுபடி ஒருமுறை குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். சிந்தியதைத் துடைத்துவிட்டு, நிரப்பிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

அதே நேரத்தில் சங்கிலி ஆயிலையும் நிரப்பிவிடுங்கள். அதற்கென்று விற்கும் பிசுபிசுப்பான ஆயில்தான் சங்கிலி சுழலும்போது சிதறாமல் ஒட்டி நிற்கும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் உலோகத் துகள்களும் உடலுக்குக் கெடுதலான எரிந்த எச்சங்களும் இருக்கின்றன. சங்கிலி அதை உங்கள் மேலும் மண்ணிலும் தெளித்துக்கொண்டே இருக்கும்.

படி 7: பிளக்கைப் பாருங்கள்

சில டேங்க் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் காப்பி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. ஈரமாகக் கறுத்திருந்தால் ஆயில் அதிகம், இல்லையென்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்துப்போய் இருந்தால் உடனே நிறுத்துங்கள். பெட்ரோல் போதாமல் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அர்த்தம். எங்காவது காற்று கசியலாம், கார்புரேட்டர் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். ஆயிலைக் கூட்டினால் இது தீராது.

மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால், டேங்க்கைக் காலி செய்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் (முடுக்காமல், குறைந்த வேகத்தில்) தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் தங்கியிருப்பதும் தீர்ந்துவிடும், உள்ளே பிசின் கட்டாது. வடித்து எடுத்த பழைய கலவையை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், மூடிய கேனில் வைத்துக் கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். பெட்ரோல் கலந்தது என்பதை அவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.